சன்னலுக்கு நேரே ஒரு டிஜிட்டல் போர்டு

இன்றிரவு பத்தரை மணிக்கு மொட்டை மாடிக்கோ, போர்டு நேராகத் தெரியும் சன்னலுக்கோ போங்கள். கையில் நோட்டு, பேனா, போன் இருந்தால் போதும். போர்டு எந்தக் கட்டடத்தின் மேல், அல்லது யாருடைய இடத்துக் கம்பத்தில் நிற்கிறது? எத்தனை அடிக்கு எத்தனை அடி? ஒரு விளம்பரம் எத்தனை விநாடி நிற்கிறது? மாறும்போது படாரென்று மாறுகிறதா, மெல்லக் கரைந்து மாறுகிறதா? நடுவில் அசையும் படம் ஓடுகிறதா? எந்த விளம்பரத்தின்போது உங்கள் அறை அதிகமாக வெளுக்கிறது? எத்தனை மணிக்கு அணைகிறது? அணையவே இல்லையென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று இரவு இப்படிக் குறித்த பிறகுதான் புகார் என்ற சொல்லையே எடுக்க வேண்டும்.

அளவைக் கணிக்க ஏணி வேண்டாம். அடுக்குமாடியின் ஒரு தளம் ஏறக்குறைய பத்தடி. பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் உயரம் கிடைத்துவிடும். பகலில் உற்றுப் பார்த்தால் போர்டு சதுரச் சதுரப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டியது என்பது தெரியும். வெளிப்புறப் போர்டுகளில் அந்தப் பெட்டி அநேகமாக 96 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். பெட்டிகளை எண்ணினால் அகலமும் உயரமும் வந்துவிடும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்து நான்கு மாதத்தை வீணடித்தவன். எங்கள் குடியிருப்புக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்து மூன்றுமாடிக் கட்டடத்தின் மேல், இருபதுக்குப் பத்தடியில் ஒரு போர்டு முளைத்தது. நகைக்கடை விளம்பரம் வெள்ளைப் பின்னணியில் வரும்போதெல்லாம் எங்கள் படுக்கையறையில் நாளிதழே படிக்கலாம். சங்கத்தின் லெட்டர்பேடில் மனு எழுதினேன். கண் கூசுகிறது, பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், முதியவர்கள் தூங்க முடியவில்லை என்று உருக்கமாக எழுதினேன். இரண்டாவது மனுவில் உருக்கத்தை இன்னும் கூட்டினேன். ஒருநாள் பதில் வந்தது: ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. ஆய்வுக்கு வந்தவர் காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கண் கூசுகிறது என்ற வாக்கியத்தை எந்த அலுவலராலும் கோப்பில் ஏற்றி நடவடிக்கை எடுக்க முடியாது. உங்கள் கண் வேறு, போர்டுக்காரர் கண் வேறு. ஒரு எண்ணும் ஒரு கடிகார நேரமும் கோப்பில் ஏறினால் பேச்சு மாறிவிடுகிறது. இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி முழுதும் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

நிட்டும் லக்ஸும்

இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளாமல் வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் முகம் எவ்வளவு ஒளிர்கிறது என்பது நிட். அந்த ஒளி உங்கள் சன்னலுக்கு வந்து சேரும்போது எவ்வளவு என்பது லக்ஸ். அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதும், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு சுடுகிறது என்பதும் வேறுவேறு இல்லையா, அதுபோல. போர்டுக்காரரிடமும் அனுமதி கொடுப்பவரிடமும் நிட்டில் பேச வேண்டும். உங்கள் வீட்டுத் தொல்லையைச் சொல்லும்போது லக்ஸில் பேச வேண்டும்.

நண்பகல் வெயிலில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் 20,000 நிட்டுக்கு மேல் ஒளிரும். அதன் பக்கத்தில் நின்று கண்ணில் பட வேண்டுமானால் ஒரு எல்.இ.டி. போர்டுக்கு 5,000 நிட்டாவது வேண்டும். அதனால்தான் வெளிப்புறப் போர்டுகளை அந்தச் சக்தியோடு செய்கிறார்கள். அதே சுண்ணாம்புச் சுவர் இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு மூன்று நிட்தான். பகலுக்கு வைத்த 5,000 இரவிலும் அப்படியே எரிந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கண்புரை தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம். ஒளி விழிக்குள்ளேயே சிதறி, போர்டைச் சுற்றிப் பனிமூட்டம் போட்டதுபோல் தெரியும். இரவில் வண்டி ஓட்டும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஒரு கணக்கு. நாற்பதுக்கு இருபதடிப் போர்டு என்றால் பரப்பு ஏறக்குறைய 74 சதுர மீட்டர். முழு வெள்ளையில் 5,000 நிட்டில் எரிகிறது. உங்கள் சன்னல் அதற்கு நேரே 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிட்டைப் பரப்பால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுங்கள்: 5,000 × 74 ÷ 2,500. கிட்டத்தட்ட 148 லக்ஸ். வீட்டுக் கூடத்தில் குழல்விளக்கு போட்டதுபோல. போர்டை 300 நிட்டுக்கு இறக்கினால் அதே சன்னலில் 9 லக்ஸ்கூட இராது. ஒப்பிட்டுப் பார்க்க, பௌர்ணமி நிலா தருவது கால் லக்ஸ் அளவுதான். ஒன்பது லக்ஸும் தூங்குவதற்குக் கூடுதல்தான், ஆனால் ஒரு திரைச்சீலை தாங்கும். 148-ஐத் தாங்கும் திரைச்சீலையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்து மடங்குத் தூரம்

நிட் அளக்கும் கருவி விலை அதிகம், கையாள்வதும் சிரமம். லக்ஸ் மீட்டர் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும். லக்ஸை அளந்து நிட்டைக் கண்டுபிடிக்க அமெரிக்க போர்டு தயாரிப்பாளர்களும் நகராட்சிகளும் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அடியில் சொல்வதை நான் மீட்டரில் சொல்கிறேன். போர்டின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்குங்கள். அத்தனை மீட்டர் தள்ளி, போர்டுக்கு நேரே நின்று அளங்கள். அந்தத் தூரத்தில் போர்டால் மட்டும் வரும் லக்ஸை நூறால் பெருக்கினால் அதுவே நிட். மேலே சொன்ன கணக்கில் தூரத்துக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள், பரப்பு அடிபட்டுப் போய்விடும். போர்டு சிறிதோ பெரிதோ, அங்கே மூன்று லக்ஸ் என்றால் 300 நிட். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட அன்று நான் சங்கத் தலைவரை இரவு ஒன்பது மணிக்கு எழுப்பி அதைச் சொன்னேன். அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

போர்டால் மட்டும் வரும் லக்ஸ் என்று சொன்னேன். தெருவிளக்கும் கடைவிளக்கும் சேர்ந்துதானே மீட்டரில் விழும்? உங்களுக்காக யாரும் போர்டை அணைக்கப் போவதில்லை. ஒரு கறுப்பு அட்டையைக் கை நீட்டிப் பிடித்து போர்டை மட்டும் மறைத்து ஒரு தடவை, அட்டையை எடுத்துவிட்டு ஒரு தடவை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். மீட்டரின் முகம் போர்டைப் பார்த்து இருக்க வேண்டும், வானத்தைப் பார்த்து அல்ல. மழை பெய்து சாலை நனைந்திருக்கும் இரவில் அளக்க வேண்டாம். வண்டி முகப்பு விளக்கு மேலே விழாத நேரமாகப் பாருங்கள்.

அதிக வெளிச்சமான விளம்பரம் ஓடும்போது அளங்கள். முழு வெள்ளைத் திரை போட்டு அளப்பதுதான் முறை, ஆனால் அது போர்டுக்காரர் கையில் இருக்கிறது. ஓடும் விளம்பரத்தில் நிறமும் இருட்டும் கலந்திருக்குமாதலால் உங்களுக்குக் கிடைக்கும் எண் போர்டின் உண்மையான உச்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே மிகைப்படுத்துகிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல வழியில்லை. ஆண்ட்ராய்டு போனில் திரைக்கு மேலே இருக்கும் ஒளி உணரியை வைத்து லக்ஸ் காட்டும் செயலிகள் உண்டு. முதல் பார்வைக்கு அவை போதும். மனுவில் எழுத மட்டும் ஒரு மீட்டர் வாங்குங்கள், சங்கச் செலவில்.

எங்கள் போர்டு 18.6 சதுர மீட்டர். வர்க்கமூலம் 4.3, ஆகவே 43 மீட்டர். எதிர்ச் சாரிக் கடைவாசலில் நின்று அளந்தோம். வித்தியாசம் 17 லக்ஸ். நான்கு மாதம் நான் கண் கூசுகிறது என்று எழுதிவந்ததன் பெயர் 1,700 நிட் என்று அன்றுதான் தெரிந்தது.

மற்ற ஊர்கள் எழுதி வைத்திருப்பது

மனுவில் ஓர் எண்ணைக் கேட்கும்போது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சொல்ல ஒரு கதை கையில் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அரிசோனா.

அந்த மாநிலத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்றொரு மலையூர். 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1950-களில் புதுக் கடை திறந்தால் வானத்தை நோக்கிச் சர்ச்லைட் அடித்துக் கூட்டம் சேர்ப்பது வழக்கம், நம்மூரில் சினிமாத் திருவிழாக்களில் அடிப்பார்களே, அதுதான். தொலைநோக்கியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேலை கெட்டது. 1958-இல் ஊர் நிர்வாகம் விளம்பரச் சர்ச்லைட்டுக்குத் தடை போட்டது. விளம்பர வெளிச்சத்தை வானத்துக்காகக் கட்டுப்படுத்திய முதல் ஊர் அதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். 2001-இல் உலகின் முதல் இருள்வான் நகரம் என்ற அங்கீகாரமும் அதற்குத்தான் கிடைத்தது.

அரை நூற்றாண்டு கழித்து அதே மாநிலத்தில் டிஜிட்டல் போர்டு வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. எட்டு விநாடிக்கு ஒருமுறை மாறும் போர்டு விட்டுவிட்டு ஒளிர்வதா இல்லையா? 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமாம் என்றது. அதாவது, ஏற்கெனவே நின்றிருந்த போர்டுகள் சட்டவிரோதமாகும் நிலை. விளம்பரத் துறை சட்டமன்றத்துக்கு ஓடியது. முதலில் வந்த மசோதாவை ஆளுநர் ஜேன் ப்ரூவர் திருப்பி அனுப்பினார் (அங்கே ஆளுநர் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம்ம ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி). வானியலாளர்களும் விளம்பரக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய பிறகு 2012-இல் சமரசச் சட்டம் வந்தது. இரவில் 300 நிட்டுக்கு மேல் கூடாது. பதினொரு மணிக்கு அணைத்தால் சூரியன் எழுந்த பிறகே போட வேண்டும். பெரிய வானாய்வகங்கள் இருக்கும் பகுதிகளில் புதிய போர்டே கிடையாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வானியலாளர்கள் முழுத்தடை கேட்டு முரண்டுபிடிக்கவில்லை என்பது. அவர்களுக்கு ஒளியை அளக்கத் தெரியும், ஆகவே எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தது. திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இந்த வழக்கை ஊன்றிப் படிக்கலாம்.

பிரான்ஸில் எண்ணைவிடக் கடிகாரத்துக்கு மதிப்பு. ஒளியூட்டிய விளம்பரங்கள் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணிவரை அணைந்திருக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த இந்த விதியை 2022 அக்டோபரில் நாடு முழுதுக்கும் பொதுவாக்கினார்கள். விமான நிலையம் போன்ற சில இடங்களுக்கு விலக்கு உண்டு. மும்பை மாநகராட்சி, 2024-இல் நடந்த காட்கோபர் ஹோர்டிங் விபத்துக்குப் பிறகு தயாரித்த விளம்பர நெறிமுறையில் டிஜிட்டல் போர்டுகளுக்கு 3:1 என்ற ஒளி விகிதமும் இரவு 11 மணிக்குத் தானே அணையும் ஏற்பாடும் வைத்தது. விகிதம் கேட்கும்போது எதோடு ஒப்பிடுவது, பக்கத்துச் சுவரோடா, சாலையோடா என்று வாதம் கிளம்பும். என் விருப்பம் நேரடி எண்தான்.

எதிர்த்திசையிலும் ஓர் ஊர் உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1987-இல் வந்த கட்டட விதி, போர்டுகள் குறைந்தது இவ்வளவாவது ஒளிர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கென்றே தனி அளவுமுறை வைத்தார்கள். புது அலுவலகக் கோபுரங்கள் வந்து இடத்தின் களையைக் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலை. வெளிச்சத்தைக் கூட்டச் சொல்வதற்கும் ஓர் எண் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

எத்தனை விநாடி

அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2007-இல் அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பு ஒரு விளம்பரம் 4 முதல் 10 விநாடி நிற்கலாம், 8 விநாடி நல்லது என்றது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அது விரைவுச் சாலைக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 8 விநாடியில் 130 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார், ஒன்றிரண்டு விளம்பரத்துக்கு மேல் பார்க்க மாட்டார். நம் ஊர்ச் சிக்னலில் ஒன்றரை நிமிடம் நிற்கிறவர் பதினொரு விளம்பரம் பார்ப்பார், பச்சை விழுந்ததையும் கவனிக்க மாட்டார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துச் சொல்லித் தெரிந்துகொள்வார்.

வீட்டுக்குள் இருப்பவருக்கோ கணக்கு இன்னும் வேறு. நிலையான வெளிச்சத்துக்குக் கண் ஒருவாறு பழகிவிடும், வெளிச்சம் எகிறி எகிறி விழுவதற்குப் பழகாது. ஆகவே மனுவில் மூன்றும் கேளுங்கள்: இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு விளம்பரத்துக்குக் குறைந்தது ஒரு நிமிடம், அசையும் படம் கூடாது, வெள்ளைப் பின்னணி கூடாது. கடைசியாகச் சொன்னது எந்தச் சட்டத்திலிருந்தும் எடுத்ததல்ல, என் சொந்தச் சரக்கு. ஆனால் போர்டுக்காரர்கள் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்வது அதற்குத்தான். வெள்ளை குறைந்தால் அவர்களுக்கு மின்கட்டணம் குறைகிறது.

யார் இடம், யார் அனுமதி

ஃப்ளெக்ஸ் ஒட்டிய சாதாரண ஹோர்டிங்கோ, எல்.இ.டி. போர்டோ, தமிழ்நாட்டு நகரங்களில் உரிமம் இல்லாமல் நிற்கக் கூடாது. இந்த விதிக்குப் பின்னே நீண்ட வழக்குக் கதை இருக்கிறது. ஹோர்டிங்குகளை முறைப்படுத்தும் மாநிலச் சட்டமும் விதிகளும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்ன பிறகுதான் சென்னைச் சாலைகளின் தலைக்கு மேலிருந்த இரும்புச் சட்டங்கள் இறங்கின. மறைந்த டிராஃபிக் ராமசாமி தனி ஆளாக நீதிமன்றம் ஏறி இறங்கிய விஷயங்களில் இதுவும் ஒன்று. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம் மென்பொருள் பொறியாளர் இறந்தார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் ஹோர்டிங் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறைக்கு வந்திருந்தன. விண்ணப்பம் போவது மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு. உரிமம் இல்லாமல் வைத்தால் 3 ஆண்டுவரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது போர்டு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, இடம் கொடுத்தவருக்கும் பொருந்தும். வாடகைக்கு ஆசைப்பட்டு மொட்டை மாடியைக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த ஒரு வரியைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மனை யாருடையது என்பதை முதல் இரவே குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காட்கோபரில் 2024 மே 13 அன்று சரிந்து 17 பேரைக் கொன்ற ஹோர்டிங் 120-க்கு 120 அடி. மாநகராட்சியின் உச்சவரம்பு 40-க்கு 40. அது நின்றது ரயில்வே போலீஸ் கையிலிருந்த நிலத்தில். அனுமதி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கை காட்டின. ரயில்வே, மெட்ரோ, தேசிய நெடுஞ்சாலை, துறைமுகம், இவற்றின் இடத்தில் போர்டு இருந்தால் மனுவை இரண்டு பக்கமும் அனுப்புங்கள். ஒன்றின் நகலை மற்றொன்றுக்கு என்று அடியில் போடவும் மறக்க வேண்டாம்.

அது அந்தக் கடையின் சொந்தப் பெயர்ப்பலகையா, வாடகைக்கு விடும் விளம்பரமா என்பதும் முக்கியம். இரண்டுக்கும் அனுமதி வேறு. கடை வாசலில் சொந்தப் பெயரை ஓடவிட்டுக்கொண்டே நடுநடுவே பிறர் விளம்பரமும் போடுகிறார்கள் என்றால் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஃப்ளெக்ஸுக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் இரவோடு இரவாக எல்.இ.டி.யை மாட்டிவிடுவதும் நடக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2002-இல் புதிய விளம்பரப் பலகைகளுக்குத் தடை போட்ட அந்நகரம், தொடர்ந்த வழக்குகளை முடித்துக்கொள்ள 2006-இல் இரண்டு பெரிய நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்தது. பழைய பலகைகளில் 800-க்கு மேற்பட்டவற்றை டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளலாம் என்றது அந்த உடன்பாடு. பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூறு போல மாறிய பிறகு மக்கள் கொதித்தார்கள். 2012 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடன்பாடே செல்லாது என்றது. 2013 ஏப்ரலில் ஏராளமான போர்டுகள் இருண்டன. ஒட்டிய காகிதமும் எரியும் திரையும் ஒரே பொருளல்ல, மாற்றினால் புது விண்ணப்பம் போட வேண்டும் என்று நம் மனுக்களில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தகவல் கேளுங்கள்

அனுமதி இருக்கிறதா என்று போனில் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"மேற்கண்ட கட்டடத்தின் மேல் உள்ள மின்னணு விளம்பரப் பலகைக்கு வழங்கிய உரிமத்தின் நகல், விண்ணப்பத்தோடு இணைத்த வரைபடத்தின் நகல், கட்டட உறுதிச் சான்றின் நகல், போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்றின் நகல், உரிமத்தில் இரவு நேர ஒளிர்வுக்கும் இயங்கும் நேரத்துக்கும் நிபந்தனை இருப்பின் அந்தப் பக்கத்தின் நகல், இரவில் ஆய்வு செய்யப்பட்டிருப்பின் ஆய்வறிக்கையின் நகல் ஆகியவற்றை வழங்க வேண்டுகிறேன்."

ஐந்தாவது ஆறாவது இனங்களுக்குக் கோப்பில் எதுவும் இல்லை என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். இரவில் யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அலுவலகக் கையெழுத்தோடு ஓர் அத்தாட்சி கிடைத்துவிட்டது. அடுத்த மனுவோடு அதை இணையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913-க்கும் புகார் சொல்லி எண் வாங்கி வையுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு முதல்வர் உதவி எண் 1100. எதுவுமே நகரவில்லை என்றால் பொதுத் தொல்லையை அகற்றக் கோரி கோட்டாட்சியரிடம் போகும் வழி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது (பழைய 133). அதற்கு ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.

போர்டுக்காரரிடம் பேசுவது

நான் கடைசியில் செய்ததை நீங்கள் முதலில் செய்யலாம். போர்டின் ஓரத்தில் நிறுவனத்தின் போன் நம்பர் இருக்கும், விளம்பரம் பிடிக்கத்தானே அதைப் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பராமரிப்புக்கு ஒரு பையன் வந்தான், தோளில் லேப்டாப் பை. அளந்த தாளைக் காட்டினேன்.

"சார், நைட்டுக்கு ஆட்டோ டிம்மிங் இருக்கு சார். சென்சார் பார்த்துத் தானா குறைச்சுக்கும்."

"குறைச்சுக்கலையே தம்பி. பதினேழு லக்ஸ் வருது."

அவன் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சென்சாரின் வயர் கழன்று கிடந்தது. இணைப்பே இல்லாத சென்சார் என்ன சொல்லும்? போர்டை உச்ச வெளிச்சத்திலேயே எரியவிட்டிருக்கிறது.

"மாட்டிட்டேன் சார். ஆனா இதை நம்ப வேண்டாம். டைம் டேபிள் போட்டுவிடறேன். ஆறரைக்கு மேல டிம், பதினொண்ணுக்கு ஆஃப். எவ்வளவு வேணும்னு இதுவரைக்கும் யாரும் நம்பர் சொன்னதில்ல சார், குறை குறைன்னுதான் திட்டுவாங்க."

வேலை ஏழு நிமிடம். மறுநாள் இரவு அதே கடைவாசலில் நின்று அளந்தேன், மூன்று லக்ஸுக்குச் சற்றுக் கீழே. எல்லாப் போர்டுக்காரர்களும் இப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒளியைக் குறைத்தால் விளம்பரம் எடுபடாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மேலே சொன்ன சுண்ணாம்புச் சுவர்க் கணக்கைச் சொல்லுங்கள். இரவில் 300 நிட் போர்டு அந்தச் சுவரைப்போல நூறு மடங்கு ஒளிரும். அதற்குமேல் கூட்டினால் எழுத்து பளிச்சென்று தெரியாது, ஓரங்கள் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடையின் பெயர்கூடப் படிக்க முடியாத விளம்பரத்துக்குக் கடைக்காரர் மாதவாடகை கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

இறக்கிய வெளிச்சம் அப்படியே இருக்கும் என்று எண்ணி மீட்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கால அட்டவணை அழிந்து பழைய அளவுக்கே போய்விடுவது சகஜம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை அளங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கட்டாயம் அளங்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி போர்டுக்காரரை நச்சரிப்பது அப்போதுதான். அந்தப் பராமரிப்புப் பையனின் நம்பரை நான் சேமித்து வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் அவனைக் கூப்பிட்டபோது, "எவ்வளவு சார் வருது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.